அஞ்சு மண்டை ஓடு

லிஃப்ட் மெக்கானிக் நாலாவது தடவையாகச் செத்துப்போனார்.

"பாலம் இடிஞ்சிருச்சு. பின்னாடி வந்த ரெண்டு பேரும் காலி," என்று பல் டாக்டர் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார்.

மெக்கானிக் தன் வீரனின் விவரம் எழுதிய தாளைக் கசக்கிப் போட்டார். பக்கத்தில் டாக்டரின் கணவரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

ஞாயிறு மதியம் கிளினிக் கிடையாது. நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மேசையைப் போட்டு நாலு பேரும் விளையாடுவார்கள். டாக்டர் ஒரு சாகசப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கதையை நடத்துவார். மற்ற மூவரும் கதைக்குள் வீரர்கள். எந்தப் பக்கம் போவது, யாரோடு மோதுவது என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டும். மிச்சத்தைப் பகடை பார்த்துக்கொள்ளும்.

கிளினிக் லிஃப்டைச் சரிசெய்ய வந்த மெக்கானிக், இதென்ன கூத்து என்று எட்டிப் பார்த்து, அப்படியே ஒட்டிக்கொண்டவர்.

முடிவெடுப்பது எப்போதும் டாக்டரின் தம்பிதான். அதனால் எல்லாருக்கும் அவர் கேப்டன். தீயணைப்பில் இருந்தவர். வேலையை விட்டுவிட்டு இப்போது அக்கா வீட்டு மாடியில் இருக்கிறார்.

அன்று கேப்டன் மட்டும் தனியாகக் கரை சேர்ந்தார்.

"அக்கா, அதைக் குடு."

புத்தகத்தை வாங்கி, பாலம் வரும் பக்கத்தில் விரல் வைத்து இரண்டு முறை படித்தார். பிறகு அதை மூடி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

மெக்கானிக்குக் குடைச்சல் ஆரம்பித்தது. எது நின்றாலும் ஏன் நின்றது என்று மூடியைக் கழற்றிப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது.

அலமாரியில் மாதிரிப் பல்செட்டுகளுக்கு நடுவே ஏழு சாகசப் புத்தகங்கள் இருந்தன. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பின்னட்டையில் மண்டை ஓடு அச்சடித்திருந்தது. ஒரு மண்டை ஓடு என்றால் சுலபம். அஞ்சு என்றால் மகா கஷ்டம்.

ஏழிலும் அஞ்சு.

"டாக்டர், கடையில இதுதான் கிடைக்குதா?"

"இல்ல. தேடிப் பிடிச்சு வாங்கறேன்."

"சும்மா வாங்க மாட்டா," என்றார் கணவர். "கடையில நின்னு முழுசாப் படிப்பா. எல்லாரும் தப்பிக்க ஒரு வழி இருந்தாக்கூட, அந்தப் புத்தகத்தை வச்சிட்டு வந்துருவா."

மெக்கானிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனசில் ஈரமே இல்லாத அக்காவாக இருக்கிறாரே.

அடுத்த ஞாயிறு சீக்கிரமே வந்தார். கேப்டன் இன்னும் கீழே இறங்கவில்லை. பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். பின்னட்டையில் ஒரே ஒரு மண்டை ஓடு. அதுவும் சிரித்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு இதை ஆடலாம் டாக்டர்."

டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து, கையுறைப் பெட்டிக்கு அடியில் வைத்து மூடினார்.

"வேண்டாம்."

"ஒவ்வொரு வாரமும் அவர் முகத்தைப் பார்க்கறீங்களா? கூடப் பொறந்த தம்பியைத் தோக்கடிச்சுப் பார்க்கறதுல அப்படி என்ன திருப்தி உங்களுக்கு?"

கணவர் பகடையைக் கையில் உருட்டிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் கோபப்படவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போன வருஷம் ஒரு கிடங்குல தீ. இவன் நாலு பேரைக் கூட்டிட்டு உள்ள போனான். ரெண்டு பேர் திரும்பல."

மெக்கானிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யார் போயிருந்தாலும் அதான் நடந்திருக்கும்னு விசாரணையில எழுதிக் குடுத்தாங்க. தன்னைச் சமாதானப்படுத்த எழுதினதுன்னு கிழிச்சுப் போட்டுட்டான். நானே ஒரு கதை எழுதி நடத்திப் பார்த்தேன். 'நீ வேணும்னே கொன்னுட்டே'ன்னான். முன்னப்பின்ன தெரியாத ஆள் எழுதி, அச்சுல வந்தாத்தான் நம்பறான்."

"அதனாலதான் அந்தப் பக்கத்தை வாங்கிப் படிக்கறாரா?"

"ஆமா. தன் தப்பு எங்கேன்னு தேடறான். எந்த வழியில கூட்டிட்டுப் போனாலும் எல்லாரும் திரும்ப முடியாதுன்னு அதுல போட்டிருக்கும். படிச்சிட்டுப் போனா, அந்த வாரம் கொஞ்சம் ஒழுங்காச் சாப்பிடறான்."

மெக்கானிக் மூடிய இழுப்பறையைப் பார்த்தார். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"இருந்தாலும் டாக்டர், ஒரே ஒரு தடவை ஜெயிச்சா அவருக்கும் தெம்பா இருக்காதா?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். முதல் முதல்ல வாங்கினது ஒரு மண்டை ஓடு புத்தகம்தான். எல்லாரையும் உயிரோட வெளிய கூட்டிட்டு வந்துட்டான். நாங்க ரெண்டு பேரும் கை தட்டினோம்."

மாடிப்படியில் கேப்டனின் காலடிச் சத்தம் கேட்டது. டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"'இங்க முடிஞ்சது, அங்க ஏன் முடியல அக்கா'ன்னு கேட்டான்."