ஒருநாள்கூட லீவு போடாதவர்

“விபத்தா? எங்க ஆலையிலயா?” தொழிலாளர் துறை அதிகாரியிடம் மேலாளர் சிரித்தார். “அந்தப் பலகையைப் பாருங்க சார். விபத்தில்லாம நானூறு நாள்!”

வலது கையைத் துண்டால் சுற்றியபடி எதிரே நின்றார், தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஆபரேட்டர்.

“அப்போ இவர் கை?”

“ஏதோ சிராய்ப்புன்னு ஃபோர்மேன் சொன்னான். நஷ்டஈட்டுக்கு நடிக்கிறார். மூணு வாரம் ஆஸ்பத்திரியில கிடந்தாராம்! வருகைப் பதிவேட்டுல தினமும் இவரோட வலது கட்டைவிரல் ரேகை இருக்கே!”

அதிகாரி புரட்டினார். நேற்றுவரை இருந்தது. மைப்பெட்டியை ஆபரேட்டரிடம் நீட்டினார்.

“இங்க ஒண்ணு வைங்க. ஒத்துப் பார்த்துடலாம்.”

ஆபரேட்டர் துண்டை அவிழ்த்தார். நான்கு விரல்கள் இருந்தன. கட்டைவிரல் இருந்த இடத்தில் தையல் மட்டுமே இருந்தது.

“பிரஸ்ல போய் மூணு வாரமாச்சு சார். நான் படுத்துக் கிடந்தப்ப, அது மட்டும் ஒழுங்கா டியூட்டிக்கு வந்திருக்கு!”