முதுகில் மாட்டாத சிலிண்டர்

“விலாப் பக்கத்துல சிலிண்டர் மாட்டுற பெல்ட்டையே குடுங்க” என்றார் கணவர், மூன்றாவது தடவையாக.

முக்குளிப்புச் சாமான் கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

“அண்ணே, உங்களுக்குக் கப்பலுக்கு அடியில சிப்பி சுரண்டுற வேலை. ரெண்டு கையும் சுரண்டியில இருக்கும். இந்த இரும்புத் தகட்டுல சிலிண்டரை வச்சு ரெண்டு பெல்ட்டை இறுக்கிட்டா முதுகோட ஒட்டிக்கும். தண்ணிக்குள்ள உடம்பு உருளாது. நீங்க கேக்குறதுல அக்குளுக்கு ஒண்ணா ரெண்டு தொங்கும். உள்ள காத்து குறையக் குறைய சிலிண்டரோட வால் பக்கம் மேல தூக்கும். பழகவே ஒரு மாசம் ஆகும்.”

“கேட்டீங்களா?” என்றாள் மனைவி. இறங்கின மனுஷன் ஏறி வரணும், அவளுக்கு அவ்வளவுதான். அதற்காகத்தான் லீவு நாளில் கூடவே கிளம்பி வந்திருந்தாள். “இருபது வருஷமா முதுகுல மாட்டினவருக்கு இப்ப என்ன புதுசா?”

“முதுகு வலிக்குது.”

அவள் கை அவர் முதுகுக்குப் போனது. மறு நொடியே கோபம் வந்தது.

“போன வாரம் மாடி வீட்டு பீரோவை ஒத்தை ஆளா இறக்கினீங்களே, அப்ப வலிக்கலையா? புதுசா வந்த பசங்க இதை மாட்டிக்கிட்டுப் போட்டோ போடுறாங்க. அதைப் பாத்து ஆசை. அம்பது வயசுல மினுக்கு கேக்குது!”

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “இன்னொண்ணு அக்கா. ஜோடியா இறங்குறவங்க ஒரே மாதிரிதான் மாட்டணும். ஒருத்தருக்கு மூச்சு முட்டினா, கலங்கின தண்ணியில மத்தவர் தடவியே காத்துக் குழாயை எடுக்கணுமில்ல? இவர் மாத்தினா ஜோடிக்காரரும் மாத்தணும்.”

“அவன் தோள், இடுப்பு அளவும் கொண்டு வந்திருக்கேன்.” கணவர் சீட்டை நீட்டினார்.

“நல்லாருக்கு! உங்க ஆசைக்கு அந்தப் பிள்ளைகுட்டிக்காரரையும் சேத்து இழுக்கணுமா?”

கடைக்காரர் சீட்டோடு உள்ளே போனார்.

மேசை மேல் கணவரின் போன் அடித்தது. சூப்பர்வைசர்.

“நல்லதாப் போச்சு. அவர்கிட்டயே கேக்குறேன்” என்று அவள் கையை நீட்ட, கணவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இரு. இதுக்கு மாத்த அனுமதி கேட்டு, எனக்கு முதுகு வலின்னு அவருக்கு எழுதிக் குடுத்துட்டேன்.”

“ஐயோ, கரையில உக்கார வச்சிடுவாங்களே!”

“என்னை டாக்டர்கிட்ட அனுப்பினா ஒண்ணுமில்லைன்னு திரும்பி வந்துடுவேன்.” அவர் குரல் இறங்கியது. “என் ஜோடிக்காரனை அனுப்பினா வேலைக்குத் திரும்பி வரமாட்டான்.”

போன் அடித்து ஓய்ந்தது.

“தண்ணிக்குள்ள அவன் மீன். பாரமே தெரியாது. சிலிண்டரைச் சுமந்துக்கிட்டு ஏணியில ஏறி இறங்குறப்பதான் முதுகு வலியில உயிர் போகுது. பின்னாலயே ஏறி அடியில கை குடுத்துத் தூக்கி விடுறேன். எத்தனை நாளைக்கு யார் கண்ணுலயும் படாம இருக்கும்? பக்கத்துல மாட்டுறதுன்னா சிலிண்டரைக் கயித்துல கட்டி இறக்கிடலாம். தண்ணிக்குள்ள இறங்கி மாட்டிக்கலாம்.”

போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை அவள் எடுத்தாள்.

“என்னம்மா, உங்க வீட்டுக்காரர் முதுகு வலின்னு எழுதிக் குடுத்திருக்காரு. நேத்துக்கூட தோளுக்கு ஒண்ணா ரெண்டு சிலிண்டரைப் போட்டுக்கிட்டு விசிலடிச்சிட்டுப் போனாரு! நிஜமா வலி அவருக்கா, இல்ல அந்த ஜோடிக்காரனுக்கா?”

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

“அதை ஏன் சார் கேக்குறீங்க! வெளியிலதான் இந்த வீறாப்பு எல்லாம். ராத்திரி முழுக்க முனகல். தைலம் தேச்சுத் தேச்சு என் கைதான் மரத்துப் போச்சு.”