அளவு பத்தாத சக்கரம்

ஹாக்கி ஆட மெர்சி காலில் மாட்டும் சக்கர ஸ்கேட்டில் நான்கு சின்னச் சக்கரங்கள் வரிசையாக ஓடின. முன்சக்கரம் உடைந்ததும், வேகம் கூடுமென்று கடைக்காரர் அந்த இடத்தில் ஒரு பெரிய சக்கரத்தை மாட்டினார்.

அடுத்திருந்த சின்னச் சக்கரத்துக்கு மூச்சு முட்டியது. "அண்ணே, என்மேல உரசுறீங்க. இப்படியே போனா ரெண்டு பேரும் சுத்த முடியாது."

"நீதான் அளவு பத்தாதவன். ஒதுங்கிக்கோ," என்றது பெரியது.

ஒதுங்க இடமில்லை. ஆட்டத்தில் மெர்சி பந்தை விரட்டித் திரும்பியபோது இரண்டும் இறுகி நின்றுவிட்டன. அவள் குப்புற விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம் சின்னச் சக்கரத்துக்குக் கேட்டது.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேட் மட்டும் கடைக்குத் திரும்பியது.

"இந்தச் சின்னதுதான் தேஞ்சு போச்சு," என்று கடைக்காரர் அதைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டார். பெரியதன் பக்கத்தில் புதிதாக ஒரு சின்னச் சக்கரம் ஏறியது. அதனிடம் நடந்ததைச் சொல்லக் குப்பையில் கிடந்த பழைய சக்கரம் வாயெடுப்பதற்குள் தொட்டியின் மூடி விழுந்தது.