நாலாவது அடி

கணினி விளையாட்டில் வரும் கல் பூதத்தை உள்ளிருந்து இயக்குவதுதான் மதியழகனின் வேலை. ஏழு பாகங்களாக அதே பூதம். யார் அடித்தாலும் நாலாவது அடியில் விழுந்துவிட வேண்டும்.

வீட்டிலும், எதையும் தான் நாலு முறை சொன்னதும், "சரிம்மா, உன் இஷ்டம்" என்று அவர் அடங்கிவிடுவதை மனைவி சுடர்க்கொடி தன் சாமர்த்தியம் என்றே நம்பியிருந்தாள். காரணம் போன வாரம்தான் அவளுக்கு உறைத்தது. இன்று காலை காபியை நீட்டியபடி ஆரம்பித்தாள்.

"எட்டாம் பாகத்துக்குக் கையெழுத்துப் போடாதீங்க."

"பாக்கலாம்."

"உங்க முட்டி தேஞ்சு போச்சுங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"மக கூப்பிடுறா, அங்க போயிரலாம்."

அத்தோடு வாயை மூடிக்கொண்டாள். இந்த ஒரு தடவையாவது அவர் மனதில் இருப்பதை அவரே சொல்லட்டும்.

காபி ஆறிப்போனது. மதியழகன் லேசாக ஆடியபடி, நாலாவதுக்காகக் காத்து நின்றார்.