பலகை சொன்னதும் குடம் கேட்டதும்

தெருக்குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது. குடிநீர் வாரியம் அதன் பக்கத்தில் புதுசாக ஒரு பலகையை நட்டிருந்தது.

வரிசையில் இருந்த பச்சைக் குடத்திடம் பலகை சொன்னது: "ஏ பச்சை, நாளையிலிருந்து ஒரு குடம் குறைச்சுப் பிடி. தண்ணியை மிச்சம் பண்ணு."

குடம் அதிகம் பேசாது. ஆனால் அது நிறைந்தால்தான் வீட்டில் கைப்பிள்ளைக்குக் குளியல். அதனால் கேட்டது:

"அரிசி கழுவின தண்ணியிலதான் பாத்திரம் கழுவுறோம். பிள்ளை குளிச்ச தண்ணியிலதான் தரை துடைக்கிறோம். இன்னும் எதுல மிச்சம் பண்ண? உன் காலடியில பெரிய குழாய் உடைஞ்சு மூணு நாளா ரோட்டுல ஓடுதே, அதை வாரியத்துக்கிட்ட சொன்னியா?"

"என் மேல எழுதினதைத்தான் நான் சொல்ல முடியும்."

"அப்ப நான் சொல்றேன்."

குடம் உருண்டுபோய் நடுரோட்டில் உட்கார்ந்தது. வரிசையில் இருந்த குடங்களெல்லாம் பின்னாலேயே வந்து உட்கார்ந்தன.

வாரியத்து ஜீப் வந்தது. ஹாரன் அடித்துப் பார்த்தது. ஒன்றும் நகரவில்லை; குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக் கடகடவென்று சத்தம் போட்டன.

"காலிக் குடத்துக்கு இவ்வளவு சத்தமா?" என்று ஜீப் உறுமியது.

"உடைப்பை அடைச்சு எங்களை நிரப்பிப் பாருங்கண்ணே, சத்தமே வராது" என்றது குடம். "அதுவரைக்கும் நகர மாட்டோம்."