ஸ்டெப்னியிலும் காத்து இல்லை

டங்... டங்... டங்... டொத்.

கடைசிச் சத்தம் கேட்டதும், ஆபீசுக்குள் பில் போட்டுக்கொண்டிருந்த தீபா செல்போனோடு வெளியே வந்தாள்.

திண்டுக்கல் பைபாஸ் ஓரத்து லாரி செட் அது. வண்டி கிளம்பும் முன்னால், பக்கத்து பஞ்சர் கடை இஷாக் பாய் இரும்புக் கம்பியோடு வந்து ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்ப்பார். காத்து இருந்தால் டங். இல்லாவிட்டால் டொத்.

"என்ன பாய்?"

"பின் டயர் இறங்கிருச்சு தங்கச்சி."

"ஸ்டெப்னிய மாட்டுங்க."

பாய் ஸ்டெப்னியையும் தட்டினார். டொத்.

"நல்லா இருக்கு! ஒண்ணுக்கு ரெண்டா?" தீபா இடுப்பில் கை வைத்தாள்.

குழாயடியில் தலையை நனைத்துவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தான் மணிமாறன். நாக்பூரிலிருந்து ரெண்டு ராத்திரி கண் மூடாமல் ஓட்டி வந்து, காலையில்தான் இறங்கினான். மாத்து டிரைவர் வரவில்லை. அதனால் நத்தம் புளி மூட்டையை ஏற்றி, சென்னைக்கும் நீயே போ என்றுவிட்டார் ஓனர். முடியாது என்றால் வண்டியில் ஆளை மாற்றிவிடுவார்.

"அக்கா, தார்ப்பாய் கட்டியாச்சா?"

அவன் இதைக் கேட்பது மூன்றாவது தடவை. கட்டியவனே அவன்தான்.

இஷாக் பாய் குரலைத் தணித்தார். "பையன் கண்ணப் பாரு தங்கச்சி. ரத்தமா இருக்கு. செத்த நேரம் படுத்து எந்திரிச்சுப் போகட்டும்னு ஓனர்ட்ட சொல்லக் கூடாதா? புளி என்ன, அழுகியா போகும்?"

"அதெல்லாம் என் வேலை இல்ல பாய்."

"தூக்கம் வந்தால் ஓரம் கட்டுன்னு உங்க ஆபீஸ் செவுத்துல அவருதானே எழுதி வச்சிருக்காரு?"

"செவுத்துல இருக்குறது செவுத்துக்கு. எனக்கு வண்டி கிளம்பணும்."

பாய் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பெண்பிள்ளைக்கு இவ்வளவு கல் நெஞ்சு ஆகாது என்கிற பார்வை.

அதற்குள் போன் அடித்தது. ஓனர் பழனிக்குமார். தீபா ஸ்பீக்கரில் போட்டாள்.

"வண்டி கிளம்பிருச்சா தீபா?"

"எங்க சார் கிளம்புறது? பின் டயர்லயும் காத்து இல்ல, ஸ்டெப்னிலயும் இல்ல."

"அதெப்படி? டிரைவர் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தான்?"

"டிரைவர் இல்ல சார். எல்லாம் இந்த இஷாக் பாய் வேலை. போன தடவை ரெண்டையும் ஒட்டுனது இவருதான். ஒட்டுற லட்சணம் இதுதான்!"

பாய் வாயைத் திறந்தார். டயர்ப் பக்கம் குனிந்து, வால்வு மூடியைத் திருகி எடுத்து, உள்ளே ஒரு தரம் பார்த்தார். பிறகு மணிமாறனைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"எவ்வளவு நேரமாகும்னு கேளு."

"கழட்டித்தான் பாக்கணும் சார்," என்றார் பாய். "பொழுது சாய்ஞ்சிரும்."

"ஒரு பஞ்சருக்கு இம்புட்டு நேரமா? இனிமே அந்த ஆளு கையில வண்டியக் கொடுக்காத தீபா."

"சரி சார்."

போனை வைத்ததும் மணிமாறன் பக்கம் திரும்பினாள். "நீ எதுக்கு இங்க மரம் மாதிரி நிக்கிற? பாத்தாலே பத்திக்கிட்டு வருது. கேபினுக்குள்ள போய்க் கிட. கூப்பிட்டா இறங்குனா போதும்!"

அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஏறினான். கதவு சாத்திய கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

இஷாக் பாய் ஜாக்கியைப் போடவில்லை. டயரில் சாய்ந்து உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்.

வெயில் இறங்கிய பிறகு தீபா ரெண்டு டீயோடு வந்தாள். ஒன்றை அவரிடம் நீட்டினாள்.

"வேலையவே ஆரம்பிக்கலையே பாய்?"

"எதை ஆரம்பிக்க? பஞ்சர் இருந்தால்ல ஒட்டுறதுக்கு?" பாய் டீயை வாங்கவில்லை. "ரெண்டுலயும் காத்தை அடைச்சு நிறுத்துற வால்வு பின்னை யாரோ பிடுங்கியிருக்காங்க. பாவம், முடியாமத்தான் அந்தப் பையன் செஞ்சிருக்கான். ஓனர்ட்ட போட்டுக் கொடுத்துறாத. என் பேரு கெட்டாக் கெட்டுட்டுப் போகுது."

தீபா கேபின் பக்கம் காதைக் கொடுத்தாள். குறட்டை நிற்கவில்லை.

"அவனா? அதைக் கழட்டுற அளவுக்கு அவனுக்குத் தெளிவு இருந்திருந்தா, மத்தியானமே நான் வண்டிய அனுப்பியிருப்பேன் பாய்."

இடது கையை விரித்தாள். உள்ளங்கை வேர்வையில் ரெண்டு வால்வு பின்கள்.

பாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீயை வாங்கிக்கொண்டார்.

"அதுக்கு என் பேரத்தான் கெடுக்கணுமா?"

"அவன் பேரைச் சொன்னா வேலை போயிரும். என் பேரைச் சொன்னா என் வேலை போயிரும். உங்க கடைய விட்டா இந்த பைபாஸ்ல ஓனருக்கு வேற பஞ்சர் கடை எங்க இருக்கு?"

பாய் சிரித்துவிட்டார். "காத்து பிடிக்கட்டுமா?"

"இருக்கட்டும் பாய். தானா எந்திரிக்கட்டும்."

பின்களை அவளிடமிருந்து வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கம்பியை எடுத்துக்கொண்டு அடுத்த லாரிக்குப் போனார் இஷாக் பாய். ஓங்கிய கையைப் பாதியில் நிறுத்தி, கேபினைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, மெல்லத் தட்டினார்.

டங்.