பத்துப் புளியங்கொட்டை

ஏழாயிரம்பண்ணைக்கு ரோடு பிரிகிற விலக்கில் வெயில் ஏறுகிறது. வெடிக் கம்பெனி வேனுக்கு நிற்கும் என் மருமகள் மாரிச்செல்வி முன்னால், சென்னையிலிருந்து வந்த பிரீத்திகா ஒரு எவர்சில்வர் கிண்ணத்தையும் பத்துப் புளியங்கொட்டையையும் வைக்கிறாள். மனுசன் எதை நினைத்து எதைச் செய்கிறான் என்று பார்க்கிற பொருளாதாரப் படிப்பாம். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. “அக்கா, நீங்க மருந்து கலக்குற ரூம்ல இந்த சீசன்ல விபத்து நடக்குமா? நடக்கவே நடக்காதுன்னா ஒண்ணும் போடாதீங்க. கண்டிப்பா நடக்கும்னா பத்தும் போடுங்க.” “ஒண்ணுகூட விழாது, எழுதிக்கிடுங்க” என்கிறேன். மாரிச்செல்வி தூக்குவாளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போடுகிறாள். டிக், டிக் என்று சத்தம். ஏழு. எட்டு. “ஏத்தா, வெளையாடுறியா?” “இல்ல மாமா.” பத்தும் விழுந்துவிட்டன. பிரீத்திகாவின் பேனா தாள்மேல் அப்படியே நிற்கிறது. இவளை அந்த ரூமில் சேர்த்துவிட்டவனே நான்தான். வேன் ஹாரன் அடிக்கிறது. “முடிஞ்சுதா மேடம்? பிந்துனா சீட்டு கெடைக்காது” என்று ஓடிப்போய் ஏறுகிறாள். சன்னல் வழியாகத் தலையை நீட்டி, “மாமா, சோத்துப் பானையை மூடாம வந்துட்டேன். கோழி வந்துரும், போய்ப் பாருங்க” என்கிறாள். “சரித்தா” என்கிறேன்.